எறும்புகள் மொய்க்கும் மூலை

குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக விழும் மத்தியான வெயில், ஈரத் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. அதைக் குறுக்காகக் கடந்து எறும்புகள் போகின்றன. கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரி கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். காலையில்தான் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அதற்குள் சுவரிடுக்கிலிருந்து மறுபடி கிளம்பி, சிறுநீர் வழிந்தோடும் அந்த மூலையையே மொய்க்கின்றன. அண்ணன் வீட்டுக்கும் இப்படித்தான் வந்தன. "எறும்புக்குக்கூட என்னைப் பிடிச்சுப்போச்சு, பாரு" என்று சிரித்த அண்ணன் நாற்பதைத் தாண்டவில்லை. அதனால்தான், டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டும் புருஷனை இன்று அடிக்காத குறையாக ரத்தப் பரிசோதனைக்கு விரட்டியிருக்கிறாள். கையிலிருக்கும் செல்போன் அலறுகிறது. "எனக்குச் சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லயாம்! வந்ததும் டீ போடு, இன்னொரு கரண்டி சேர்த்தே போடு" என்று புருஷன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் இருப்பது அவனும் அவளும்தான். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. இன்று எத்தனை செம்பு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. வரிசையிலிருந்து ஓர் எறும்பு விலகி, நின்று, தலையைத் தூக்கி, அவள் கால் பெருவிரலை நோக்கி வருகிறது. "சரி, கிளம்புறேன்" என்கிறான் அவன். "கிளம்பிடாதீங்க" என்கிறாள் அவள். "அங்கேயே இருங்க. நானும் வர்றேன்."