வேலைக்கு வந்தவள்

வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை கேட்டுத் தங்கத்தாய் போட்ட மனு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. தாராவியில் ஆன்லைனில் மனுப் போட்டுத் தரும் கடை வைத்திருக்கும் ராஹில் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"யக்கா, நீங்க இன்னும் வேலையிலதான் இருக்கியளாம். இன்னைக்குக் காலையிலகூட ஒம்பது மணிக்குக் கம்பெனி மிஷின்ல விரல் வச்சிருக்கிய."

"கம்பெனிதான் தீவாளியோட மூடியாச்சே தம்பி. அந்த மிஷினையும் பேத்துப் பழைய இரும்பு வாங்குற பங்கார் கடையில எடைக்குப் போட்டுட்டாவ. அது 'தேங்க்யூ'ன்னு பேசிக் கேட்டே மாசக்கணக்காச்சு."

உதவித்தொகை ஆபீசிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. கம்பெனியில் எழுதி வாங்கி வரச் சொல்கிறார்கள். எழுதித் தர அங்கே எவன் இருக்கிறான்? வீட்டு வாடகைக்கு அவள் இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள்.

மிஷினைத் திரும்ப மாட்டியிருப்பார்களோ என்ற சந்தேகத்தில், தன் பெயரில் விரல் வைக்கிறவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று மறுநாள் காலையிலேயே வடாலாவுக்குப் போனாள். கம்பெனி கேட்டில் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. பக்கத்துச் சுவரில் மிஷின் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அதன் நடுவே அறுந்த வயர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. எதில் விரல் வைக்கிறாள் பார்ப்போம், வரட்டும் அவள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளைக் கட்டியபடி எதிரே நின்றாள்.

ஒன்பது மணியாயிற்று. ஒருவரும் வரவில்லை.

வெறும் சுவரிலிருந்து அந்தப் பழைய பெண்குரல் வழக்கம்போலச் சொன்னது: "தேங்க்யூ."

தங்கத்தாய் கட்டியிருந்த கைகளை மெல்லப் பிரித்தாள். அவளுடைய வலது கட்டைவிரல், கண்ணாடியில் அழுத்தி எடுத்ததுபோலச் சில்லிட்டிருந்தது.