தோல் ஆகாது

"தோல் இல்லாத குதிரைச் சேணமா? ஏங்க, பால் இல்லாத தயிர் கேட்டு வந்திருக்கீங்களே!"

தாண்டவராயன் கடை அதிரச் சிரித்தார். மாட்டுக்கு மணிப்பட்டையும், கல்யாண ஊர்வலக் குதிரைக்குச் சேணமும் தைக்கிற கடை திண்டிவனத்தில் அவருடையது ஒன்றுதான். அந்தத் தலைக்கனம் அவருக்கு நிறைய உண்டு. யார் படியேறி வந்தாலும் சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் ஆளை எடைபோட்டு முடித்துவிடுவார்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையை இன் பண்ணியிருந்தார். பேண்ட் மட்டும் இடுப்பில் நிற்காமல் நழுவியது. பேச்சுக்குப் பேச்சு அதைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

"என் பொண்ணுக்குங்க. அவங்க அம்மாவோட ஆட்டோவுல உக்காந்துக்கினு இருக்கா. ஆட்டிசம்ங்க, பேச்சு வராது. இரும்பைன்ற ஊரு பக்கத்துல, குதிரை ஏறக் கத்துக்குடுக்கற கிளாஸ்ல சேத்திருக்கோம். குதிரைன்னா அவளுக்கு உசுரு, கழுத்தக் கட்டிக்கினு நிக்கறா. ஆனா தோல் வாசனை பட்டா போதும், ஊரைக் கூட்டிடறா. சேணம் போடாம ஏத்த மாட்டேன்றாங்க. இந்த சனிக்கிழமையும் ஏறலன்னா, அவ எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துடுவாங்க."

"எந்த ஊரு நீங்க?"

"மேல்சித்தாமூருங்க."

தாண்டவராயனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயின் மடம் இருக்கிற ஊர். அப்படியென்றால் நயினார் வீட்டு ஆள், தமிழ் ஜெயின்! இருட்டினால் சாப்பிடாதவர்கள், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்கள். தன் ஆசாரத்துக்கு வாயில்லாப் பிள்ளையைச் சாக்குச் சொல்ல வந்துவிட்டார், பெரிய மனுஷர்.

"அதான் பெல்ட்டு கூடப் போடலியா நயினாரே?"

வந்தவர் பேண்டைத் தூக்கி விட்டுக்கொண்டார். "வீட்ல தோல் சாமானே வெச்சுக்கறதில்லீங்க."

"அதானே பாத்தேன்!"

தாண்டவராயன் மாதிரிக்குக் கடிவாள வார் ஒன்றை எடுத்துப் போட்டார். "இந்தாங்க. ரெக்சினு. சுத்த சைவம்."

ரெக்சினுக்கு உள்ளே எருமைத் தோல் இருப்பதை அவர் சொல்லவில்லை. இந்தப் பக்திமானுக்கு எங்கே தெரியப்போகிறது?

வந்தவர் வாரைத் தொடவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். "நீங்களே கொண்டுபோய் அவ கையில குடுத்துப் பாருங்களேன். நான் எடுத்துக்கினு போனா சரிவராது."

தொடக்கூட மாட்டாராம்! குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக இருக்கிறதே என்று முனகியபடி தாண்டவராயன் ஆட்டோவுக்கு நடந்தார்.

ஒன்பது வயதுப் பெண். ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அடுத்த நொடி அலறினாள் பாருங்கள், எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சுருண்டாள். அம்மாதான் அணைத்துக்கொண்டாள். அப்பன் கடைப் படியை விட்டு அசையவில்லை.

"உள்ள தோல் இருக்குதுங்களா?" என்றார், திரும்பி வந்த தாண்டவராயனிடம்.

மாட்டிக்கொண்டால் தாண்டவராயனுக்குக் கோபம் வரும்.

"இத்தினியூண்டு இருக்கும். அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க நயினாரே. ஆரம்பத்துலயே நாலு சாத்து சாத்தியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல. எங்கப்பாரு சாத்தின சாத்துலதான் நான் ஆளானேன்."

வந்தவர் நழுவிய பேண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயடைத்துப் போனார் என்று தாண்டவராயனுக்கு ஒரே திருப்தி.

அந்தத் திருப்தியில் கொஞ்சம் மனசும் இளகியது. மூலையில் கிடந்த கட்டில் நாடாச் சுருளை இழுத்தார்.

"இந்தப் பருத்தி நாடாவ நாலு மடிப்பா மடிச்சு வாரு தைக்கலாம். சேணத்துக்கு கான்வாஸ், உள்ள ஸ்பாஞ்சு. ஒரு உசுரும் போகாது. போதுமா?"

"அதையும் நீங்களே குடுத்துப் பாருங்க. கோச்சுக்காதீங்க."

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போனார். அந்தப் பெண் நாடாவை முகர்ந்தாள். மணிக்கட்டில் சுற்றினாள். பிறகு கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். எதற்குமே மசியாத தாண்டவராயன் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது அப்பனின் கண் கலங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க. ஜல்தியா தெச்சு வெக்கறேன். பேரு இன்னா?"

"அமலதாஸ்."

"நயினாருங்கள்ல அமலதாஸா?"

"நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க. நீங்களா நயினாருன்னீங்க. எனக்கும் அது சுளுவா இருந்துச்சு, அதான் சும்மா இருந்துட்டேன்."

"அப்ப கறி?"

"ஞாயித்துக்கிழமையானா பிரியாணிதாங்க."

தாண்டவராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், ஜீவகாருண்யமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அப்பறம் எதுக்குய்யா பெல்ட்டு கூடப் போடாம, வாரத் தொடாம, இவ்ளோ நேரம் என் உசுர வாங்கினே? அந்தப் புள்ளைக்குத் தோலுன்னா அப்படி இன்னாதான் ஆவுது?"

அமலதாஸ் நழுவிய பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதத்தாங்க செஞ்சேன். அவ கத்துறப்பல்லாம் நாலு சாத்து... இடுப்புல இருந்த தோல் பெல்ட்டக் கழட்டி."