வாடகைக்கு இருப்பவர்

"ஆராவது கேட்டால் என்ன சொல்லுவீர்?" வேலைக்குப் புறப்பட்ட தபோதரன் கேட்டான்.

"வாடகைக்கு இருக்கிறவர். அறை வேறை, சமையல் வேறை" என்றாள் சுபானி, சக்கர நாற்காலியில் இருந்தபடி.

ஸ்டுட்கார்ட்டில் அவர்கள் ஒரே வீட்டுக்கு வந்து எட்டு மாதம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. சேர்ந்து வாழ்வது தெரிந்தால் அவன் சம்பளத்தைக் காட்டி, நடக்க முடியாத அவளுக்கு அரசு தரும் உதவிப்பணத்தை நிறுத்திவிடுவார்கள். அவன் சம்பளமோ யாழ்ப்பாணத்தில் தாயின் வைத்தியத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஜேர்மன் பெண் ஒருத்தி வேகமாகத் தன்னை அறிமுகப்படுத்தினாள். எந்த அலுவலகம் என்பது சுபானிக்குப் பிடிபடவில்லை.

"தபோதரன் உங்களுடனா வசிக்கிறார்?"

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள் சுபானி.

"ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்."

"நீங்கள் அவருடைய மனைவி இல்லையா?"

"இல்லை. எங்களுக்குள் எந்த உறவும் இல்லை." பாடமாக்கி வைத்திருந்தது தடுமாறாமல் வந்தது.

"அப்படியென்றால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன். வேலைத்தளத்தில் உயரத்திலிருந்து விழுந்தவரைக் காலையில் இங்கே கொண்டுவந்தார்கள். மனைவியின் இலக்கம் என்று இதைத்தான் தந்தார்."

"நான்தான் மனைவி" என்றாள் சுபானி.

"இப்போதுதானே இல்லை என்றீர்கள்?"

"பொய் சொல்லிவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறாரா?"



"மன்னியுங்கள். அதைக் குடும்பத்தாரிடம் மட்டும்தான் சொல்ல முடியும்."