வரன்முறை

பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்த நறுமுகைக்கு வீட்டின் தானியங்கிக் கதவு திறக்கவில்லை. “நான்கு பேருக்கு மட்டும் அனுமதி பெற்ற கட்டடம். ஐந்தாவது ஆள் விதிமீறல்” என்றது. உள்ளே மாமனாரும், ஆரத்தித் தட்டோடு மாமியாரும் தவித்தார்கள்.

நறுமுகை நகராட்சிக்குப் போன் போட்டாள்.

“பொறக்குறதுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கியிருக்கணும்மா” என்றார் அதிகாரி மகாராஜா. “இனிமே குழந்தைய வரன்முறைதான் பண்ணணும். ஆறு மாசம் ஆகும்.”

“எதிர்ல ஏரிக்குள்ளயே இருபது மாடி நிக்குதே சார்?”

“அது அப்ரூவ்டும்மா. அவசரம்னா வீட்ல ஒருத்தரக் குறைச்சுக்குங்க.”

கூட வந்திருந்த அவள் கணவன் இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டு குடியிருப்போர் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கினான். உடனே திறந்த கதவு அவளையும் குழந்தையையும் உள்ளே விட்டது. “விதிமீறல் இல்லாத குடும்பத்துக்கு நகராட்சியின் வாழ்த்துகள்!” என்று குழைந்துவிட்டு, குழந்தையின் அப்பனைத் தெருவில் நிறுத்திச் சாத்திக்கொண்டது.