ஈயக் கட்டிகள்

தோகிதா அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஹிரோபே அண்ணனின் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம். அடிப்பக்கம் முழுக்க ஒயர்கள் கோணல்மாணலாக ஓடின. ஒயர் சேரும் இடமெல்லாம் பற்றவைத்த ஈயம் கட்டிகட்டியாக உருண்டு நின்றது.

"காலேஜ்ல நான் முதமுதல்ல அடைச்ச பல்லு இப்படித்தான் இருந்துச்சு" என்றார் பல் டாக்டர் சோனே.

மறுபடி சிரிப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹிரோபே அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காதது அவர் பக்கத்திலிருந்த மிட்சுயோ அண்ணி மட்டும்தான்.

நாங்கள் வீட்டில் சொந்தமாக வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள். மாட்சுமோட்டோ நகரச் சமூகக் கூடத்தின் மாடியில் கூடி, அவரவர் கட்டியதைப் பாடவிட்டுக் கேட்போம். ஹிரோபே அண்ணன் எங்களில் மூத்தவர். நெடுநாளாக வரவில்லை. கேட்டால், பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் வருகிறேன் என்று போனில் சொல்வார். இன்றைக்குத்தான் வந்தார். எங்களுக்கெல்லாம் முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆம்ப்ளிஃபயரைப் போன வாரமே தோகிதா தன் வேனில் எடுத்து வந்துவிட்டான். பாடவிட்டுப் பார்த்தபோது ஸ்பீக்கரில் லேசாக ஒரு இரைச்சல். தோகிதாவால் இரைச்சலைத் தாங்க முடியாது. அடித்தட்டைக் கழற்றி, இருந்த ஒயரையெல்லாம் பிய்த்தெடுத்து, முதலிலிருந்து புதிதாகக் கட்டியிருந்தான். அண்ணனுக்கு இது தன் பரிசு என்று சொல்லி இரண்டாவது படத்தைப் போட்டான். மெஷின் நட்ட நாற்று மாதிரி ஒயர்கள் வரிசை பிடித்து நின்றன.

கைதட்டினோம். ஹிரோபே அண்ணன் தலையைத் தாழ்த்தி, ரொம்ப உபகாரம் என்றார்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பளாரென்று அறைந்துவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. காது மடல் வரை சிவந்திருந்தாள்.

தோகிதா இசைத்தட்டைப் போட்டான். தனி செல்லோ. இரைச்சல் துளி இல்லை. வில் கம்பியைத் தொடும் முன் வாசிப்பவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. சோனே கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி எழுந்தாள். ஜன்னலோரம் போனாள். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் உடனே ஓயாது. செல்லோ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கம்மி, அடங்கியது. அண்ணி பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

பழைய ஒயரெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னான் தோகிதா.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

குரல் உயரவில்லை. ஆனால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டார். தோகிதா அசடு வழியச் சிரித்தான். நல்லதுக்குத்தான் செய்தேன், சத்தம் எவ்வளவு சுத்தமாக வந்தது, நீங்களே கேட்டீர்களே என்றான். நான் சத்தத்தைக் கேட்கவில்லை, யாரைக் கேட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன் என்றாள் அண்ணி. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து சமையலறையை இடித்துக் கட்டிவிட்டு வந்து, அதைப் படம் போட்டு ஊரைக் கூட்டிச் சிரிப்பீர்களா என்றாள். சோனே தரையைப் பார்த்தார்.

தோகிதாவுக்கும் கோபம் வந்துவிட்டது. நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து உழைத்தவன்.

"அண்ணி, இது எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

அண்ணி ஹிரோபே அண்ணனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவர் முழங்காலில் கைகளை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தோகிதா திரையருகிலிருந்து ஜன்னல் பக்கம் நடந்து வந்து, பிளக்கைக் கொடுங்கள் என்பதுபோல் கையை நீட்டினான். பாய் விரித்த தரை, காலில் வெறும் சாக்ஸ். காலடிச் சத்தமே கேட்கவில்லை. அண்ணி கொடுக்கவில்லை. பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் ஹிரோபே அண்ணன் எழுந்தார். இடுப்பு வளைய, ஆழமாகக் குனிந்தார்.

"கோவிச்சுக்காதப்பா தோகிதா. அவளுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

குனிந்தது திரைப் பக்கமாக. அங்கே யாரும் இல்லை. கோட்டுகள் மாட்டும் கம்பம் இருந்தது. எங்கள் குளிர்க் கோட்டுகள் தொங்கின.

அவர் நிமிரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தோகிதாவின் முகம் வெளுத்தது. அவன் நுனிக்காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்பத்தின் பக்கம் நகரப் பார்த்தான். அந்த வணக்கத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்ள நினைத்தான் போல.

"நீங்க நகராதீங்க" என்றாள் அண்ணி.

பிளக்கைக் கீழே போட்டாள். கணவரிடம் போனாள். அவரை நிமிர்த்தி, இரண்டு தோளையும் பிடித்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

"தோகிதா இங்க நிக்கிறார். அத யாரு கட்டுனதுன்னு இப்பச் சொல்லுங்க."

அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு, தான் வாயால் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஒயரையும் பற்றவைத்தது அவள்தான் என்று சொன்னார்.

சொல்லி முடிக்கும்வரை அவள் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.