ஷோகேஸில் ஒரு முரட்டுக் கார்

பொம்மைக் கடையில் பெரிய சக்கரங்கள் வைத்த சிவப்புக் கார் ஒன்று இருந்தது. மேடு பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்கிவிடும். மூன்று வயது மகள் கோதைக்கு ஒரு கார் வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு அப்பா வந்தார். கடைக்காரர் தரையில் செருப்புகளைக் குவித்து மேடு கட்டி, ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்தார்.

“மெல்லப் போ. பிள்ளை மிரளுது பாரு,” என்றது ரிமோட்.

கோதை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்ததைக் காரும் பார்த்தது. அப்பாவின் முகத்தில் பொங்கிய ஆசையையும் பார்த்தது. வாங்கப்போகிறவர் அவர்தானே! உறுமிக்கொண்டு செருப்பு மேட்டைத் தாவியது. அப்பா சிறுபிள்ளைபோல் சிரித்து, அப்போதே வாங்கிவிட்டார்.

வீட்டில் கார் அசைந்தாலே கோதை வீறிட்டு அழுதாள். “வளர்ந்ததும் விளையாடட்டும்” என்று அம்மா அதை ஷோகேஸில் வைத்துப் பூட்டினாள். காரின் பேட்டரி சுவர்க்கடிகாரத்துக்குப் போனது.

“நான் அன்னிக்கே சொன்னேன்,” என்றது பக்கத்தில் கிடந்த ரிமோட்.

“நான் வாங்க வந்தவரைத்தான் பார்த்தேன்,” என்றது கார்.

ஒரு மத்தியானம் கோதை தானாகவே வந்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, “வா, மெதுவா வா,” என்று விரலை ஆட்டிக் கூப்பிட்டாள். ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும் என்று கார் தவித்தது. அதன் பேட்டரியில் சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

“தூங்குதும்மா,” என்று பக்கத்தில் வந்த அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு, கார் விழித்துவிடாதபடி கோதை அடிமேல் அடிவைத்துப் போனாள்.