வெல்வெட் பெட்டியில் வந்த பின்

பாறசாலைப் பட்டறையின் எண்ணெய்த் தரையில் மழை வெளிச்சம் மங்கலாகக் கிடக்கிறது. டை கட்டிய விற்பனைக்கார ஜிஜின், கல்யாண மேளம் மட்டுந்தான் குறை என்பதுபோல வெல்வெட் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே தீக்குச்சியாய் மெலிந்த ஒரு பித்தளைப் பின். இத்தனூண்டு பொருளுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று பட்டறைக்காரி சரோஜத்துக்கு உறுத்துகிறது. "உங்க கேம் லேத்து, இந்தக் கடைசல் மெஷினு, கிழடாக்கும் அக்கா. சாதா சிஎன்சி கம்ப்யூட்டர் லேத்துலயும் மெல்லிய கம்பி வளைஞ்சிரும். எங்க ஸ்லைடிங் ஹெட்டு மெஷினு கம்பியைப் பிடிச்ச இடத்துப் பக்கத்திலேயே வெட்டும். இந்தப் பின்னு அதுல செஞ்சதாக்கும், மனுசன் கை படல்ல. கையெழுத்துப் போட்டா, பழசை இன்னைக்கே இரும்புக்கு எடுத்துக்கிடுவோம்." பழசு போனால், புதுசு வரும்வரை பட்டறை சும்மா கிடக்கும். சரோஜத்தின் பேனா ஆர்டர் தாளுக்கு மேலே நிற்கிறது. இடக்கை பின்னை லென்ஸுக்கு அடியில் உருட்டுகிறது. அறுத்த முனையில் அரத்தால் ராவிய மூன்று கீறல்கள். மூன்றும் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. "கை படல்லன்னா சொன்ன, மக்கா?" "சத்தியமா அக்கா." கேம் லேத்தின் அருகே, இப்போது விழுந்த பின்னின் முனையை அரத்தைப் பிடித்த இடக்கையால் மூன்று இழுப்பு ராவிக்கொண்டிருக்கிறார் பட்டறையின் பழைய தொழிலாளி செல்லசாமி. சரோஜம் பேனாவை மூடுகிறாள். "அண்ணே, இஞ்ச வாரும். நம்ம பட்டறையில நீரு பெத்த பிள்ளை ஒண்ணு அப்பன் பேரை மாத்திச் சொல்லிக்கிட்டு வந்திருக்கு."